எடை போட்டாச்சு, அடுத்த ஆளைக் கூப்பிடு

நம் செய்தித்தாள்களுக்குப் பிடித்த படம் ஒன்று உண்டு. நடுவில் மருத்துவமனை டீன், இருபுறமும் துறைத் தலைவர்கள், பின்வரிசையில் செவிலியர்கள். ஓரத்தில், பாதி முகம் வெட்டுப்பட்டு, ஒரு தாய். அவள் கையில் ஒரு துணிச்சுருள். ‘உள்ளங்கையில் அடங்கும் குழந்தையைக் காப்பாற்றி மருத்துவர்கள் சாதனை’ என்று தலைப்பு. சில சமயம் கேக் வெட்டும் படமும் கூடவே வரும். கேக்கின் எடை பெரும்பாலும் குழந்தையின் எடையைவிடக் கூடுதலாக இருக்கும்.

சாதனையில் எனக்குச் சந்தேகமில்லை. 900 கிராம் உயிரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, குழாய் வழியே சொட்டுச் சொட்டாகத் தாய்ப்பால் ஏற்றி, ஒன்றரைக் கிலோவாக்கி வீட்டுக்கு அனுப்பும் செவிலியர்கள் முன்னால் நான் எழுந்து நிற்பேன். எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான். இரண்டு வருஷம் கழித்து அந்தக் குழந்தை நடக்கிறதா? பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கிறதா? ‘அம்மா, தண்ணி’ என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்கிறதா? எந்தப் பத்திரிகையும் போய்ப் பார்த்ததில்லை. எந்த டீனும் மறுபடி கேக் வாங்கியதில்லை. நம் ஊரில் சாதனைக்கும் டிஸ்சார்ஜ் தேதி உண்டு. சீட்டைக் கையில் கொடுத்த நிமிஷத்தோடு குழந்தை வரலாற்றிலிருந்து வெளியேறிவிடுகிறது.

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மாதம் நிறையாமல் முந்திப் பிறந்தவர்கள் ஒரு வகை. மாதம் முழுதும் நிறைந்தும் வயிற்றுக்குள்ளேயே பட்டினி கிடந்து சிறுத்துப் பிறந்தவர்கள் இன்னொரு வகை. நம் நாட்டில் இந்த இரண்டாம் வகையினர் ஏராளம். ரேஷன் அட்டையில் பெயர் ஏறுவதற்கு முன்பே ரேஷன் வெட்டப்பட்டவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் எத்தனை பேர்? 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 18 சதவீதம் என்கிறது. ஏறத்தாழ அதே காலத்துக்கு யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து போட்ட மதிப்பீடு 27 சதவீதத்தைத் தாண்டுகிறது. இடையில் ஒன்பது சதவீதக் குழந்தைகள் எங்கே போனார்கள்? எடையே போடாமல் விடப்பட்டவர்கள் கொஞ்சம். மற்றவர்களை நம் எடை எந்திரங்களின் இரக்க குணம் விழுங்கிவிட்டது. பிறப்பு எடைகளை வரைபடமாகப் போட்டால், மிகச் சரியாக 2,500 கிராமில் ஒரு கோபுரம் எழும்பி நிற்கும். இயற்கை இப்படி முழு எண்களில் பிள்ளை தருவதில்லை. எந்திரம் 2,420 காட்டுகிறது. “ரெண்டரைன்னு போடுங்க சிஸ்டர், எதுக்கு வீணா மேலிடத்துக்குப் பதில் சொல்லிக்கிட்டு” என்கிறது ஒரு குரல். பேனா முனை 80 கிராமை ஊட்டிவிடுகிறது. நாட்டிலேயே செலவில்லாமல், ஊழலில்லாமல், நூறு சதவீதம் இலக்கை எட்டிய ஊட்டச்சத்துத் திட்டம் இது ஒன்றுதான். அதற்கு ஒரு பெயர் வைத்துச் சுவரொட்டி அடிக்காதது மட்டும்தான் குறை.

பேனாவால் ஊட்ட முடியாத அளவுக்குக் குழந்தை சிறுத்துப் போயிருந்தால், அடுத்து விசாரணை. குற்றவாளி தயாராகக் கட்டிலில் படுத்திருக்கிறாள்.

“ஒழுங்காச் சாப்பிட்டியா நீ?”

கேட்பவர் யார் தெரியுமா? ஏழாம் மாதத்தில், “ரொம்பத் திங்காதடி, பிள்ளை பெருசாயிட்டா வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும்” என்று தட்டை இழுத்துக்கொண்டவர். “அந்தச் சத்து மாத்திரையப் போட்டா பிள்ளை கருப்பாப் பொறக்கும்” என்று இரும்புச்சத்து மாத்திரையைக் கூரை இடுக்கில் செருகி வைத்தவர். ஆனால் குங்குமப்பூ மட்டும் கடன் வாங்கியாவது வந்துவிடும். பிள்ளை கருப்பாகப் பிறந்துவிடுமோ என்கிற பயத்தில் கால்வாசி, பிள்ளை பிழைக்காமல் போய்விடுமோ என்பதில் இருந்திருந்தால் போதும். மேலே சொன்ன அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கிற, அதை மேடைதோறும் சொல்லிப் பெருமைப்படுகிற மாநிலத்தில்.

மேடை என்றதும் சமுதாய வளைகாப்பு நினைவுக்கு வருகிறது. அரசு செலவில் பந்தல், வரிசையாக நாற்காலி, நாற்காலிதோறும் ஒரு கர்ப்பிணி. முக்கியப் பிரமுகர் வருகிறார், சந்தனம் பூசுகிறார், வளையல் மாட்டுகிறார், கேமராவைப் பார்க்கிறார், அடுத்த கைக்கு நகர்கிறார். கடைசியில் ஐந்து வகைச் சாதம். பிறந்த வீட்டில் வளைகாப்புக்கு வழியில்லாத பெண்ணுக்கு இது ஒரு மரியாதைதான், அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கர்ப்பம் 280 நாள். ஒரு நாளைக்கு ஐந்து வகைச் சாதம் போட்டுவிட்டீர்கள். மீதி 279 நாளில் அந்த இலையில் என்ன விழுந்தது, அவள் எட்டாம் மாதத்தில் எத்தனை கல் சுமந்தாள், என்ன சாப்பிட்டுவிட்டு நாற்று நட்டாள் என்பதைப் படம் பிடிக்க எந்தக் கேமராவும் போகவில்லை.

தமிழக அரசின் பெண் ஊழியருக்குப் பேறுகால விடுப்பு ஒரு வருஷம். நியாயமான விஷயம், சரியான முடிவு. செங்கல் சூளையில் இருப்பவளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய், அதுவும் தவணை தவணையாக. இரண்டு கிலோவில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு மணி நேரத்துக்கொரு முறை பால் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். சூளை மேஸ்திரி அப்படி எதுவும் சொல்லவில்லை.

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. இனி என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்றும் ரகசியமில்லை. தாயிடமிருந்து குழந்தைக்கு இரும்புச்சத்து பெருமளவு போய்ச் சேருவது கடைசி மூன்று மாதங்களில்தான். முந்திப் பிறந்ததும் சிறுத்துப் பிறந்ததும் அந்தச் சேமிப்பு இல்லாமலே உலகத்துக்கு வருகின்றன. ஆகவே மற்றக் குழந்தைகளுக்கு ஆறாம் மாதம் தொடங்கும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து இவர்களுக்கு இரண்டாம் மாதமே வேண்டும். இரும்பு குறைந்தால் இரத்தம் மட்டுமா வெளுக்கும்? வளரும் மூளையும் சேர்ந்து பட்டினி கிடக்கும். காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணைப் பார்க்க வேண்டும். தலைச் சுற்றளவு ஏறுகிறதா என்று மாதாமாதம் அளக்க வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்கு ஒரு வயது என்றால் அதன் வளர்ச்சியைப் பத்து மாதக் குழந்தையின் அளவுகோலில்தான் பார்க்க வேண்டும், இரண்டு வயது வரை இப்படித்தான் கழித்துக் கணக்கிட வேண்டும். உரிய கவனிப்பு கிடைத்தால் இவர்களில் பெரும்பாலோர் இரண்டு வயதுக்குள் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிடுவார்கள். அந்த இரண்டு வருஷத்தைத் தவறவிட்டால், பிறகு ஓடிப் பிடிப்பது கடினம்.

நாம் அந்த இரண்டு வருஷத்தில் என்ன செய்கிறோம்? மந்திரிக்கிறோம்.

தலை நிற்கவில்லையா? உரம் விழுந்திருக்கும், முறத்தில் போட்டு உருட்டு. குப்புற விழவில்லையா? தோஷம், தாயத்துக் கட்டு. ஒன்றரை வயதாகியும் நிற்கவில்லையா? கோயிலுக்கு நேர்ந்துகொள். இரண்டு வயதிலும் பேச்சு வரவில்லையா? அதற்குத்தான் நம்மிடம் உலகப் புகழ் பெற்ற மருத்துவ விளக்கம் இருக்கிறதே: “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்.” சொல்லும்போது அந்த அப்பா பக்கத்தில் பெருமையாக நிற்பார். இப்போதும் அவர் அதிகம் பேசுவதில்லை. மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாமா என்று மனைவி கேட்கும்போது குறிப்பாகப் பேசுவதில்லை.

படிக்காத ஜனங்கள், மூடநம்பிக்கை என்று தலையில் அடித்துக்கொள்ளும் கனவான்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1996. சென்னையில் ஓர் அரசு மருத்துவமனை. 29-ஆம் வாரத்தில் 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். சாதனைதான். ஆனால் இவ்வளவு முந்திப் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரையில் இரத்தக் குழாய்கள் கோணல்மாணலாக வளர்ந்து பார்வையையே பறிக்கக்கூடும். பிறந்த நாலு வாரத்துக்குள் கண் மருத்துவர் பார்த்துவிட்டால், தேவைப்பட்டால் லேசர் சிகிச்சை தந்து பார்வையைக் காப்பாற்ற முடியும். அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று பெற்றோருக்கும் யாரும் சொல்லவில்லை. தடுப்பூசி போடப் போன இடத்தில் வேறொரு மருத்துவர் கவனித்துச் சொன்னபோது குழந்தைக்கு நாலரை மாதம். காலம் கடந்துவிட்டது. தந்தை வழக்குப் போட்டார். 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது பதினெட்டு. இந்த வழக்கில் தாயத்துக் கட்டியவர் யாருமில்லை. எல்லோரும் படித்தவர்கள்.

இந்தத் தீர்ப்புக்கு முன்பே, 2013-இல், தேசியச் சிறார் நலத் திட்டம் ஒன்று வந்துவிட்டது. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என நான்கையும் ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதாக ஏற்பாடு. மருத்துவக் குழு வேனில் ஏறி வருஷத்துக்கு இரண்டு முறை ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் வரும். காகிதத்தில் பார்த்தால் கண்ணில் நீர் வரும். ஒரே ஒரு சின்னச் சிக்கல். அங்கன்வாடியில் உட்கார்ந்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் இரண்டு வயது தாண்டியவர்கள். ஆறு மாதத்திலிருந்து அந்த வயது வரை உள்ளவர்களுக்குச் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்குப் போகிறது, குழந்தை மையத்துக்கு வருவதில்லை. அதாவது எந்த இரண்டு வருஷத்தில் பார்க்க வேண்டுமோ அந்த இரண்டு வருஷமும் குழந்தை வீட்டில் இருக்கிறது. வேன் அங்கன்வாடி வாசலில் நிற்கிறது. வேன் வரும் நாளில் அம்மா வேலைக்குப் போயிருப்பாள், பாட்டி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆடு மேய்த்துக்கொண்டிருப்பாள். வேனும் பிள்ளையும் சந்தித்துக்கொள்வது பெரும்பாலும் பிள்ளைக்கு மூன்று வயதான பிறகு. அதற்குள் குழந்தை பேசாமல் இருப்பது ஊருக்கே பழகியிருக்கும்.

வேன் வராவிட்டால் என்ன, ஊரிலேயே பார்க்கலாமே? பார்க்கலாம். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் 1990-களின் தொடக்கத்திலேயே ஒரு அட்டையைத் தயாரித்துக் கொடுத்துவிட்டது. இரண்டு வயது வரை, மொத்தம் 17 செயல்கள். அட்டையில் குழந்தையின் வயதுக்கு நேராகப் பேனாவை நிறுத்திவைத்து, அதற்கு இடப்பக்கம் உள்ள செயல்களைக் குழந்தை செய்கிறதா என்று பார்த்தால் போதும். தேவைப்படும் கருவிகள் ஒரு பேனாவும் ஒரு சாவிக்கொத்தும். சில நிமிஷ வேலை. இதைவிட மலிவான மருத்துவக் கருவியை யாரும் கண்டுபிடிக்க முடியாது. மலிவு என்பதுதான் அதன் குற்றமோ என்னவோ. சாவிக்கொத்துக்கு டெண்டர் விட முடியாது, பேனாவைத் திறந்து வைக்க ரிப்பன் வெட்ட முடியாது.

சரி, யாரோ ஒரு நல்ல செவிலியர் கவனித்து, “இது லேட்டுதாம்மா, மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ” என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார். (அந்த கிராம சுகாதார செவிலியரைத் திட்டும் நோக்கம் எனக்கு இல்லை. ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்பது விதி. அவருடைய பகல் பிரசவக் கணக்குக்கும் இரவு கணினிப் பதிவுக்கும் போய்விடுகிறது.) மாவட்டத்துக்கு ஒரு இடையீட்டு மையம் இருக்கிறது. இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் எல்லாம் அங்கே உண்டு. இந்தத் தாய்க்கோ இரண்டு பஸ் மாற வேண்டும். வாரம் ஒரு முறை வரச் சொல்கிறார்கள். வாரம் ஒரு நாள் கூலி போகும். மூன்று வாரம் வந்தாள், நான்காவது வாரம் வரவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே, ‘தாய் ஒத்துழைக்கவில்லை’. கூலியும் ஒத்துழைக்கவில்லை, கால அட்டவணையும் ஒத்துழைக்கவில்லை. அவற்றின் பெயரை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

இனி பணக் கணக்கு. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைக்கு அங்கன்வாடி துணை உணவுக்கான செலவு வரம்பை மத்திய அமைச்சரவை 2017-இல் உயர்த்தியது: நாளொன்றுக்கு 6 ரூபாயிலிருந்து 8 ரூபாய். எடை மிகக் கடுமையாகக் குறைந்த குழந்தைக்கு 9-இலிருந்து 12. நாமக்கல்லில் முட்டைக்கு அடிக்கடி விலை நிர்ணயிக்கிறார்கள். தீவன விலை ஏறினால் கோழிப் பண்ணையாளர்கள் சும்மா இருப்பார்களா, சங்கம் வைத்துப் போராடி ஏற்றிவிடுவார்கள். குழந்தைக்குச் சங்கம் இல்லை. 2025 பட்ஜெட் உரையில்தான் இந்த வரம்பு தக்கவாறு உயர்த்தப்படும் என்று ஒரு வரி வந்தது. ‘தக்கவாறு’ என்பது எத்தனை ரூபாய் என்று அந்த வரியில் இல்லை.

பணத்தைத்தான் கூட்டவில்லை, பாதுகாப்பைக் கூட்டிவிட்டார்கள். 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்கு எடுத்துப் போகும் சத்துணவுப் பொட்டலத்துக்கு முக அடையாளப் பதிவு கட்டாயம் என்று ஒன்றிய அரசு உத்தரவிட்டது. பிள்ளைக்கு மாவு வாங்க வருபவளின் முகம் ஆதாரில் உள்ள முகத்தோடு பொருந்த வேண்டும். நாட்டின் ஆயிரக்கணக்கான கோடிகளைச் சுருட்டிக்கொண்டு விமானம் ஏறியவர்களின் முகத்தை எந்த விமான நிலையத்திலும் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எட்டு ரூபாய் மாவை இன்னொருத்தி வாங்கிப் போய்விடுவாளோ என்று டெல்லிக்குத் தூக்கம் வரவில்லை. ஆதாருக்குப் படம் எடுத்தபோது அவளுக்குக் கன்னம் இருந்தது. இரண்டு பிரசவமும் இரத்தசோகையும் சேர்ந்து அந்த முகத்தை எடுத்துக்கொண்டுவிட்டன. ‘இவள் அவளில்லை’ என்று கணினி சொன்னால், அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாவு கிடைக்காத வீட்டுக்கு விளம்பரம் கிடைக்கும். தொலைக்காட்சிக் குழந்தைகளுக்கு எப்போதும் தொடையில் நான்கு மடிப்பு. அதைப் பார்த்துவிட்டுத் தாய் தன் மடியில் கிடக்கும் ஒல்லிப் பிள்ளையைப் பார்ப்பாள். “என்னடி இப்படி நோஞ்சானா இருக்கு?” என்று பக்கத்து வீட்டு அக்கா வேறு கேட்டிருப்பார். அடுத்த கூலியில் டப்பா வரும். 2024 ஏப்ரலில் ஸ்விட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ அமைப்பு ஒரு அறிக்கை வெளியிட்டது: இந்தியாவில் விற்கும் நெஸ்லேயின் செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்படுகிறது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதே நிறுவனம் விற்பதில் சேர்ப்பதில்லை. விதிகளுக்கு உட்பட்டுத்தான் செய்கிறோம், ஐந்து வருஷத்தில் 30 சதவீதம் வரை குறைத்திருக்கிறோம் என்றது நிறுவனம். நம் பிள்ளைகள் மேல் பாசம் அதிகம், அதனால் இனிப்பும் கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது.

இந்த இனிப்புக்குப் பின்கணக்கு ஒன்று இருக்கிறது. புனே அருகே பிறந்த குழந்தைகளை மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். அங்கே சராசரி 3.5 கிலோ, இங்கே 2.7. சதையும் உறுப்புகளும் சிறுத்திருந்தன, தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. டெல்லியில் பிறந்தவர்களை முப்பது வயது வரை தொடர்ந்து பார்த்து 2004-இல் வந்த ஆய்வு, கைக்குழந்தையாக ஒல்லியாக இருந்து, இரண்டு வயதுக்குமேல் வேகமாகப் பருத்தவர்களுக்கே பின்னாளில் சர்க்கரை நோய் அதிகம் என்றது. வயிற்றில் இருந்தபோது பட்டினி போடுகிறோம். வளர வேண்டிய இரண்டு வருஷத்தில் கைவிடுகிறோம். பிறகு வெட்கப்பட்டு பிஸ்கட்டாலும் மால்ட்டாலும் அடைக்கிறோம். நாற்பது வயதில் அவர் மெட்ஃபார்மின் வாங்க வரிசையில் நிற்கும்போது, ‘வாழ்க்கைமுறை நோய்’ என்று அறிவுரை சொல்லி அனுப்புகிறோம். எந்த வாழ்க்கை, யார் வகுத்த முறை?

ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது பெருமூச்சு விட்டால் ஜமைக்காவைக் காட்டுங்கள். உலகின் பெரும் பணக்கார நாடு என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். 1980-களின் நடுவில் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வீடுகளுக்கு உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் போனார்கள். வீட்டுப் பொருள்களால் செய்த பொம்மைகளைக் கொண்டு, குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இரண்டு வருஷம், அவ்வளவுதான். இருபது வருஷம் கழித்துத் தேடிப் போய்ப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம் அந்த வாய்ப்புக் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2014-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கணக்கு இது. முகப் பதிவு செயலி எதுவும் தேவைப்படவில்லை. பஸ் ஏறித் தாய் போகவில்லை, பணியாளர் வீட்டுக்கு வந்தார். குறிப்பாக, இருபது வருஷம் கழித்தும் அந்தக் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். நம்மால் இரண்டு வருஷத்துக்கு முடியவில்லை.

ஆகவே வாசகர்களே, உங்கள் ஊரில் அடுத்த சமுதாய வளைகாப்பு நடக்கும்போது போய் முன்வரிசையில் உட்காருங்கள். பிரமுகர் சந்தனம் பூசி முடித்து மைக்கைக் கையில் எடுத்ததும் எழுந்து கேளுங்கள்: மூன்று வருஷத்துக்கு முன் இந்த வட்டாரத்தில் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த பிள்ளைகள் எத்தனை? அதில் எத்தனை பேருக்குக் கண்ணும் காதும் சோதித்தீர்கள்? எத்தனை பேர் இன்றைக்கு நடக்கிறார்கள், எத்தனை பேர் பேசுகிறார்கள்? உங்களை உட்காரச் சொல்வார்கள். உட்காராதீர்கள். கூட்டத்தில் பதில் வராவிட்டால் அதே கேள்விகளை எழுதித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அதற்கான கட்டணம் 10 ரூபாய். 2017-ஆம் ஆண்டின் வரம்புப்படி ஒரு குழந்தையின் ஒரு நாள் உணவுக்கு ஒதுக்கியதைவிட இரண்டு ரூபாய் அதிகம்.